கழுதைக்கு நேர் எதிரே

மூன்றாவது தடவையாக மிளகாய்ப் பாத்தி சிதைந்து கிடந்ததைக் கண்டதும் ஹஃபீலா கத்தியை எடுத்துக்கொண்டாள். புத்தளத்துக் கரையோரக் குறிஞ்சிப்பிட்டியில் அவளுக்கும் கணவன் ஸியாத்துக்கும் இருந்தது அரை ஏக்கர் மணல் நிலம். ஆளில்லாமல் திரியும் கழுதைகளில் ஒன்று, வயிறு பெருத்த சாம்பல் நிறப் பெட்டை, முள்வேலியை நெஞ்சால் தள்ளிக்கொண்டு உள்ளே வரப் பழகியிருந்தது. போன கிழமை அவள் கத்தியால் வீசியதில் அதன் தொடை கிழிந்தது. அப்போதும் அது கத்தவில்லை. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரம்.

"இண்டைக்கு அத முடிச்சிட்டுத்தான் வருவேன்."

"வாயில்லாச் சீவன் புள்ள, விடுங்க" என்றான் ஸியாத். அவள் நிற்கவில்லை.

குளம்புத் தடம் கடற்கரைப் பக்கம் தாழம்பற்றைக்குள் போனது. கழுதை அங்கே அப்போதுதான் குட்டி போட்டிருந்தது. இரத்த வாடைக்கு, மீன்குடல் தின்று வளர்ந்த மூன்று நாய்கள் வந்துவிட்டன. அவையே முடித்துவிடட்டும் என்று ஹஃபீலா கத்தியைத் தாழ்த்திக்கொண்டு நின்றாள்.

முதல் நாய் குட்டியின் பின்காலைக் கவ்வி இழுத்தது. தாய்க் கழுதை அந்த நாயின் முதுகைப் பல்லால் பிடித்துத் தூக்கி உதறியது. மணலில் அறைந்து, முன்னங்கால் இரண்டையும் மடக்கி அதன் மேல் விழுந்தது. எலும்பு நொறுங்கும் சத்தம் ஹஃபீலாவுக்குக் கேட்டது. இரண்டாவது நாய் பாய்ந்து கழுதையின் கழுத்தில் தொங்கியது. மூன்றாவது, தொடையில் ஆறாமல் கிடந்த வெட்டுக்காயத்தைக் கடித்துச் சதையைப் பிய்த்தது.

அது அவள் போட்ட வெட்டு.

"அல்லாஹ்வே!" என்று அலறிக்கொண்டு ஓடினாள். தொடையைக் கவ்விய நாயின் பிடரியில் கத்தியை இறக்கினாள். இரத்தம் முகத்தில் அடித்தது. கழுதைக்கு அவளும் ஒரு நாய்தான். உதைத்த உதையில் வலது முழங்கைக்குக் கீழே எலும்பு முறிந்து, அவள் மல்லாந்து விழுந்தாள்.

கழுத்தில் தொங்கிய நாய் பிடியை விட்டு ஓடியது. கழுதை திரும்பி, குட்டிக்கும் அவளுக்கும் நடுவில் வந்து நின்றது. காது பின்னால் மடிந்திருந்தது, வாயில் சிவப்பு நுரை. மணல் ஒட்டிய நீண்ட இமைகளுக்குள்ளே கண் கறுப்பாக, கொஞ்சமும் அசையாமல் அவளையே பார்த்தது. அதன் வயிற்றுக்குக் கீழே குட்டி, உடம்புக்குப் பொருந்தாத பெரிய காதுகளோடு, ஈரம் மினுங்க, விழுந்து விழுந்து எழும்பியது. ஹஃபீலாவுக்குக் கை வலி தெரியவில்லை. கண்ணை எடுக்க முடியவில்லை.

ஸியாத் இரும்புக் கம்பியோடு ஓடி வந்தான்.

"அடிக்காதீங்க!" என்று கத்தினாள். "அது நிண்டிரிக்கிறதப் பாருங்க. எவ்வளவு வடிவு!"

அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று அவன் நினைத்தான். கம்பியைப் போட்டுவிட்டு அவளைத் தூக்கினான்.

புத்தளம் ஆஸ்பத்திரியில் கையைக் கீறி, முறிந்த எலும்புக்குத் தகடு வைத்தார்கள். கழுதை வடிவென்று ஹஃபீலா சொல்லக் கேட்டு, பக்கத்துக் கட்டிலில் இருந்த ஸாஜிதா முகத்தைச் சுளித்தாள்.

"போயும் போயும் கழுதையா? அந்த அவலட்சணமா?"

"ஓம். நீங்க அதுட கண்ண ஒருநாளாவது நேராப் பாத்திரிக்கீங்களா?" என்றாள் ஹஃபீலா.

மறுநாள் ஸியாத் சோற்றுப் பொதியோடு வந்தான். கழுதை களப்புத் தண்ணீரோரத்தில் நிற்கிறதாம், காலை இழுத்து இழுத்து நடக்கிறதாம்.

"குட்டி?"

"பால் குடிக்கிது" என்றான்.

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அழுதாள்.