டேங்கர் சத்தத்தில் எடுத்த வீடியோக்கள்

ரோஸிக்கு இன்று தாம்பரத்தைச் சுற்றி நல்ல பெயர். புதிதாக வீடு பார்க்கிற குடும்பங்கள், வீடுகளைச் சுற்றிக் காட்டும் அவளுடைய யூடியூப் சானலில் ஒரு எட்டு எட்டிப் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுப்பதில்லை. நல்ல கேமரா, புடவையில் குத்திக்கொள்கிற குட்டி மைக், முகத்துக்கு நேரே விளக்கு என்று ஆளே மாறிவிட்டாள்.

அதனால் கூடுவாஞ்சேரியில் மனை போட்டு வீடு கட்டி விற்கிற கம்பெனி அவளைத் தேடி வந்ததில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. விளம்பரத்தில் அவள் நடிக்க வேண்டும். பதிலுக்கு அங்கேயே ஒரு சின்ன வீடு, பாதி விலைக்கு. கல்யாணமான நாள் முதல் மேடவாக்கத்தில் வீட்டு ஓனரின் முகம் பார்த்தே காலம் தள்ளுகிற அவள் கணவன் யேசுதாசனுக்குத் தலைகால் புரியவில்லை. அவனுக்குக் காட்டாங்குளத்தூரில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்ட் வேலை, வீடு அதற்கும் பக்கம். பால் காய்ச்ச யார் யாரைக் கூப்பிடுவது என்கிற வரைக்கும் போய்விட்டான்.

நிபந்தனை ஒன்றே ஒன்று. சானலின் ஆரம்பத்தில் அவள் போட்ட தண்ணீர் வீடியோக்கள் இருக்கக் கூடாது.

கம்பெனிக்காகப் பேச வந்த ஃபயாஸ் அதைப் பக்குவமாகத்தான் சொன்னார். அழிக்கக்கூட வேண்டாம், யாரும் பார்க்க முடியாதபடி மறைத்து வைத்தால் போதும், இப்போதைய உங்கள் தரத்துக்கு அவை ஒட்டவும் இல்லையே மேடம் என்றார். ரோஸியும் தலையாட்டிவிட்டாள். மறைப்பதற்கு முன்னால் ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மத்தியானம் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தாள்.

கண்றாவியாகத்தான் இருந்தது. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்ததில் இரண்டு பக்கமும் கறுப்பு. ஓரத்தில் யேசுதாசனின் கட்டைவிரல். நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு அவள் தொண்டை கிழியக் கத்துகிறாள்: அரிசி களைந்த தண்ணீரில் பாத்திரத்துக்கு முதல் கழுவல், அந்தத் தண்ணீர் வீணாகாமல் அடியில் வாளி, வாளித் தண்ணீர் பாத்ரூமுக்கு. ஒரு டிரம் தண்ணீரில் ஒரு நாளை ஓட்டுவது எப்படி என்று பாடம். ஒரு வீடியோவில் மோட்டாரைக் கொஞ்சம் நிறுத்தச் சொல்லி டேங்கர் டிரைவரிடம் யேசுதாசன் கெஞ்சுகிறான். "உனுக்கு தண்ணி வோணுமா வீடியோ வோணுமா? சீக்கிரம் சொல்லு, இன்னும் நாலு தெரு கீது" என்கிறார் அவர். தண்ணீர்தான் வேண்டும் என்றார்கள். அந்தக் கத்தல் வந்த கதை அதுதான்.

பார்த்தவர்கள் ஸ்பீக்கர் அக்கா என்று கிண்டல் செய்தார்கள். குடியிருப்புச் சங்கத்தில் கூப்பிட்டு, இப்படித் தண்டோரா போட்டால் ஃப்ளாட்டை எவன் வாங்குவான் என்று சத்தம் போட்டார்கள். அப்போது கையில் ஒன்றும் இல்லாதவள், அப்போதே அசையவில்லை.

வெட்கம் வரும் என்றுதான் நினைத்திருந்தாள். வந்தது கோபம். தரமாம், பெரிய தரம். விளக்கும் மைக்கும் வந்த பிறகு டைல்ஸ் நிறத்தைப் பேசியிருக்கிறாள், மாடுலர் கிச்சனைப் பேசியிருக்கிறாள். ஒரு வீட்டில் போய்க் குழாயைத் திறந்து பார்த்து எத்தனை காலமாயிற்று? தன்மேலேயே அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் இருவரும் பைக்கில் கூடுவாஞ்சேரிக்குப் போனார்கள். மாதிரி வீட்டின் கூடத்தில் ஃபயாஸ் ஜூஸ் கொடுத்து உட்கார வைத்தார். ரோஸி நேராக விஷயத்துக்கு வந்தாள். விளம்பரத்தில் சந்தோஷமாக நடிக்கிறேன், ஆனால் மே மாசத்தில் இங்கே தண்ணீர் எங்கிருந்து வரும் என்று கேமரா முன்னாலேயே கேட்பேன், நீங்கள் பதில் சொல்லுங்கள் என்றாள். யேசுதாசன் ஜூஸை அப்படியே கீழே வைத்தான்.

ஃபயாஸ் ஜூஸ் கிளாஸை அவள் பக்கம் நகர்த்தினார். "அது மட்டும் வேணாம் மேடம். வேற என்ன வேணா கேளுங்க."

"தண்ணியப் பத்திப் பேசித்தான் சார் நான் ஆளானேன். அதக் கேக்காத ரோஸி வேணும்னா வேற ஆளப் பாத்துக்குங்க."

எழுந்து வெளியே வந்துவிட்டாள்.

திரும்பும் வழியில் ஜி.எஸ்.டி. ரோட்டில் யேசுதாசன் வண்டியை விரட்டினான். தாம்பரத்தில் நெரிசலில் வண்டி நின்றபோது, பின்சீட்டில் அவள் போனை நோண்டுவது கண்ணாடியில் தெரிந்தது. என்ன செய்கிறாய் என்று கேட்டான். பழைய வீடியோ எல்லாவற்றையும் சானலின் முகப்பில் ஏற்றுவதாகச் சொன்னாள்.

"வூடு போச்சு ரோஸி," என்றான். அது அவளுக்கும் வலித்தது.

"தண்ணி வர்ற எடத்துல வாங்கலாங்க."

"அப்போ இந்த ஜென்மத்துல இல்லன்னு சொல்லு. சாவுற வரிக்கும் வாடக வூடுதான்."

"இருக்கட்டும். வீடுதான் வாடகைக்கு. என் வாய் இல்ல."