தலைக்குக் குளித்த துளசி

பேராசிரியர் மணிகண்டபிரபு முதலில் கொண்டுவந்தது துளசி அல்ல, பேர் வாயில் நுழையாத ஏதோ ஒரு பூச்செடி. தெருவில் இறக்கிவைத்த அன்று மாலையே ஆடுகள் அந்த ஆராய்ச்சியை முடித்துவைத்துவிட்டன. அதனால் இரண்டாவது தடவை, ஆடு வாய் வைக்காத, மனிதர்கள் கைவிடாத செடியாகப் பார்த்து நாற்பது துளசித் தொட்டிகளை வேனில் ஏற்றி வந்தார். படித்தவர் இல்லையா, யோசித்துத்தான் செய்தார்.

கோவில்பட்டிக்கு வெளியே, அய்யாத்துரை அண்ணாச்சியின் தீப்பெட்டி ஆபீஸுக்குப் பின்னால் இருக்கிறது அந்தத் தெரு. ஆபீஸ் என்றால் தொழிற்சாலைதான்; அங்கே மெழுகு காய்ச்சும் அடுப்புக்குப் பழைய டயர்தான் விறகு. பேராசிரியர் பெண்களைக் கூட்டி விளக்கினார்: காற்றில் இருக்கிற கரியை இலை பிடித்துவைக்கும். மூன்று மாதம் கழித்து இலையைப் பறித்துச் சோதிப்பார்கள். தெருவில் பிறக்கும் பிள்ளைகளின் எடையையும் அதோடு சேர்த்துப் பார்ப்பார்கள்.

"தண்ணி தூர்ல மட்டும் ஊத்துங்க. இலையைத் தொடவே கூடாது."

அண்ணாச்சியும் வந்திருந்தார். பெரிய மனுஷன் ஒரு வார்த்தை பேசாமல் போகலாமா? "செடி சொல்லட்டும். அன்னைக்கே அடுப்பை அணைச்சிருதேன்" என்றார்.

அந்த வார்த்தையை இசக்கிசெல்வி கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கு அப்போது நாலு மாதம். போன வருஷம் பிறந்த முதல் பிள்ளை ஒன்றரைக் கிலோ. பதினோரு நாள் ஆஸ்பத்திரிக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்துவிட்டு, வீட்டுக்கு வராமலே போய்ச்சேர்ந்தது. "நீ ஒழுங்காச் சாப்பிட்டிருக்க மாட்டே" என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். டயர் எரித்தவரை விட்டுவிட்டுப் பெற்றவளைக் கேள்வி கேட்பதில் நம்மவர்களை மிஞ்ச ஆளில்லை.

பேராசிரியர் சொன்னபடியே அவள் தூரில் மட்டும் தண்ணீர் விட்டாள். மூன்று மாதத்தில் செடி அடிப்பிடித்த சட்டி மாதிரி கறுத்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குப் பயமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. மற்ற முப்பத்தொன்பது வீட்டிலும் துளசி ராணி மாதிரி வாழ்ந்தது. துளசியைக் குளிப்பாட்டாமல் விட எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்? தினமும் காலையில் தலைக்கு ஒரு குடம் தண்ணீர். வெள்ளிக்கிழமைதோறும் இலை இலையாகத் துடைத்து மஞ்சளும் குங்குமமும்.

இலை பறிப்பதற்கு முந்தின நாள் இசக்கிசெல்வி செக்கப்புக்குப் போய்விட்டுத் திரும்பினாள். அவள் செடி பச்சைப்பசேல் என்று நின்றது, நெற்றிப்பொட்டு மாதிரி குங்குமத்தோடு. மாமியார் முத்துமாரியம்மாள் பக்கத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை செஞ்சிட்டீய?"

"மாசமா இருக்கவ வீட்டுல துளசி இப்படி அழுக்கா நிக்கலாமாட்டி? இந்தப் பிள்ளையாவது தங்கணும்னுதான் வேண்டிக்கிட்டுக் குளிப்பாட்டுனேன்."

யாரைத் திட்டுவது? இசக்கிசெல்வி தொட்டிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அழுதாள்.

இருபது நாள் கழித்து, தீப்பெட்டி ஆபீஸ் முற்றத்திலேயே கூட்டம் போட்டு முடிவைச் சொன்னார்கள். நாற்பது செடியிலும் புகைக்கரி இல்லை. ஆனால் இலைகளில் ஒட்டியிருந்த சிவப்புப் பொடியில் ஈயம் இருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் தெருவில் பிறந்த நாலு பிள்ளைகளும் இரண்டு கிலோவுக்குக் கீழே இருந்ததற்கு அதுவே காரணமாக இருக்கலாம்.

"என் அடுப்பைச் சொன்னீங்களேம்மா, இப்பப் பாத்தீங்களா? வினை உங்க குங்குமச்சிமிழ்லல்லா இருந்திருக்கு" என்றார் அண்ணாச்சி. அவருக்கு அவ்வளவு வருத்தம். வருத்தத்தோடு ஆளுக்கு ஒரு பாக்கெட் சுத்தமான குங்குமமும் இரண்டு கடலைமிட்டாயும் கொடுத்தார். பாக்கெட்டில் அவர் தீப்பெட்டியின் மயில் படமே அச்சடித்திருந்தது. முடிவு இன்றைக்குத்தான் வந்தது, பாக்கெட் எப்போது அச்சானது என்று யாரும் கேட்கவில்லை. பெண்கள் நெற்றியைத் துடைத்துக்கொண்டார்கள்.

இசக்கிசெல்வி எழுந்து போய்ப் பேராசிரியரின் மேஜைமேல் ஒரு துணியை விரித்தாள். பிறக்கப்போகிற பிள்ளைக்கென்று பழைய வேட்டியைக் கிழித்துத் துவைத்த துணி. வெள்ளையாக இருந்திருக்க வேண்டியது, சாம்பல் நிறத்தில் கிடந்தது.

"காலையில கொடியில காயப்போட்டது சார். இதுக்கு யாரும் பொட்டு வைக்கல."

பேராசிரியர் விரலால் தேய்த்துப் பார்த்தார். விரல் கறுத்தது. கெட்ட மனுஷன் இல்லை, முகம் வாடித்தான் போயிற்று. "புரியுதும்மா. ஆனா துணி இந்தத் திட்டத்துல இல்லை. அடுத்த திட்டத்துக்கு எழுதிப்போடுறேன். ரெண்டு வருஷத்துல வந்துரும்."

"பிள்ளை ரெண்டு மாசத்துல வந்துருமே சார்."

பேராசிரியர் துணியை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் காலை இசக்கிசெல்வி இடைசெவலுக்கு, பெற்ற வீட்டுக்குப் புறப்பட்டாள். தலைப்பிரசவம்தான் அம்மா வீட்டில், இரண்டாவது பிரசவம் புருஷன் வீட்டில் என்பது வழக்கம். தெருவே வாசலுக்கு வந்து நின்று பேசியது. முத்துமாரியம்மாள் மருமகளின் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் வரைக்கும் வந்தாள். மயில் பாக்கெட் பிரிக்காமலே வீட்டில் கிடந்தது.

பெண் பிள்ளை. இரண்டு கிலோ எண்ணூறு. நர்ஸ் எடை சொன்னபோது இசக்கிசெல்வி இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

மூன்றாவது வாரம் புருஷன் வேல்ராஜ் போன் பண்ணினான். "ஏட்டி, தெரு முக்குல பேனர் கட்டியிருக்காவ. நம்ம பிள்ளை போட்டோவப் போட்டு, 'மயில் குங்குமத்தின் முதல் குழந்தை, 2.800'னு. பேராசிரியரும் அறிக்கையில நம்ம தெருக் கணக்குல சேத்துட்டாராம். அண்ணாச்சி பிள்ளைக்குக் கொலுசு போடுதேன்னாவ. எப்ப வாரே?"

"அடுப்பை அணைச்சாச்சா?"

"அது எதுக்கு அணைப்பாவ? அடுப்பு மேல தப்பில்லைன்னு ஆயிட்டுதே. இப்ப ரெண்டாவது அடுப்பு போடுதாவ."

கொடியில் பிள்ளைத்துணிகள் வெள்ளையாகக் காய்ந்துகொண்டிருந்தன.

"அப்ப அந்தப் பேனரைத் தொட்டில்ல போட்டு ஆட்டச் சொல்லுங்க. கொலுசையும் அதுக்கே மாட்டிவிடச் சொல்லுங்க" என்று போனை வைத்துவிட்டு, காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.