அறுபதில் கேட்கும் முனகல்

அயூபுக்கு வாஜித்தைப் பார்த்தாலே வயிறு எரியும். வாஜித் வேறு யாருமில்லை, தங்கை ஷபீனாவின் வீட்டுக்காரன்தான். இருவருக்கும் ஒரே தொழில், வண்டி ரிப்பேர். ஆனால் அயூபின் ஷெட் அனகாபுத்தூர் சந்தில், ஒரு மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கிற இடத்தில் இருந்தது. வாஜித்தின் ஒர்க்‌ஷாப் கேளம்பாக்கத்தில், டைல்ஸ் போட்ட தரையோடு பளபளத்தது. மெக்கானிக்குக்கு எதற்கு டைல்ஸ்? பந்தி விரித்து பிரியாணியா போடப் போகிறான்?

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பான். அஸ்தினாபுரம் அனந்தகிருஷ்ணன் சாரின் வேன் கைமாறியதைத்தான் பொறுக்க முடியவில்லை. நாலு சக்கரமும் இழுக்கிற பழைய வேன் அது. பதினோரு வருஷமாக அயூபைத் தவிர வேறு யாரும் அதன் அடியில் படுத்ததில்லை. போன ரம்ஜானில்கூட அவன்தான் கிளட்ச் மாற்றினான். ரிட்டயரான கையோடு சாருக்கு, வேனுக்குள் படுக்கையும் அடுப்பும் வைத்து ஊர் ஊராகச் சுற்ற ஆசை வந்துவிட்டது. அந்த வேலைக்கென்று வாஜித்திடம் போனவர் திரும்பி வரவேயில்லை.

இப்போது அவரே போன் செய்தார். "அயூப், வண்டி அறுபதைத் தாண்டினா அடியில ஏதோ முனகுது. இத்தனை மாசமா ஊருக்குள்ளயேதான் ஓடிச்சு. வாஜித் கிட்டேர்ந்து எடுத்துட்டு வந்து, முதல் தடவையா ஹைவேல போனப்போதான் கேட்டுது. ரெண்டு நாளா பார்க்கறார், ஒண்ணும் சொல்ல மாட்டேங்கறார். நீங்க வந்து கண்டுபிடிச்சிட்டா, இனிமே வண்டி உங்க கிட்டதான்."

அயூப் சிரித்த சிரிப்பில் அவன் மனைவி ஷரீஃபா அடுப்பங்கரையிலிருந்து எட்டிப் பார்த்தாள். "இன்னா, லாட்டரி எதுனா வியுந்துச்சா?"

மறுநாள் காலை வண்டலூர் ரோட்டில் அயூப் வேனை ஓட்டினான். பக்கத்தில் சார், பின்னால் புதுப் படுக்கையின் ஓரத்தில் வாஜித். அறுபது வந்ததும் பல்வலிக்காரன் போல ம்ம்ம்ம் என்று முனகல் தொடங்கியது. அயூப் நியூட்ரலில் தள்ளினான், முனகல் நிற்கவில்லை. அப்படியானால் இன்ஜின் இல்லை. சிமெண்ட் ரோட்டில் ஏறினான், சத்தம் மாறவில்லை. டயரும் இல்லை. முன்சக்கரங்களைச் சுழற்றுகிற ஷாஃப்ட் தண்டோடு பூட்டும் லாக் எடுத்தே இருந்ததால் அந்தப் பக்கத்து ஷாஃப்ட் சுற்றவே இல்லை. மிச்சம் இருந்தது பின்சக்கரத்துக்குப் போகிற ஷாஃப்ட் ஒன்றுதான்.

வாஜித், வண்டிக்கு அடியில் ஒட்டிவைத்துக் கேட்கிற மைக்கையும் ஹெட்போனையும் நீட்டினான். "போட்டுக்கறீங்களா மச்சான்?"

"அல்லா குடுத்த காது ரெண்டு கீது. அது போதும்."

ஒர்க்‌ஷாப்புக்கு வந்ததும் வண்டியைத் தூக்குகிற லிஃப்டும் வேண்டாமென்று சொல்லிவிட்டு, அந்த டைல்ஸ் தரையிலேயே மல்லாந்து படுத்து உள்ளே நகர்ந்தான். அந்த ஷாஃப்ட் ரெண்டு துண்டாக, ஒன்றுக்குள் ஒன்று பல் பதிந்து நிற்கும். கழற்றி மாட்டும்போது பழைய இடத்திலேயே பல் பதிய வேண்டும். இதில் தள்ளிப் பதிந்திருந்தது. அயூபுக்கு மனசெல்லாம் குளிர்ந்தது.

"கெடைச்சிட்ச்சி சார்! ஷாஃப்டைத் தப்பா மாட்டிகிறான். தொழில் தெரியாதவன் பண்ற வேலை சார் இது!" தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தினான்.

சாரின் செருப்புகள் வாஜித்தின் ஷூக்கள் பக்கம் திரும்புவது அடியிலிருந்து தெரிந்தது. "என்ன வாஜித்?" என்றார் சார்.

இன்னும் ரெண்டு வார்த்தை சேர்த்துச் சொல்லலாமென்று அயூப் டார்ச்சை நெருக்கிப் பிடித்தான். ஷாஃப்ட் முழுக்கப் புழுதி. பல் பதிகிற இடத்தில் மட்டும் யாரோ துணியால் துடைத்திருந்தார்கள். துடைத்த இடத்தில் ரோஸ் நிறத்தில், துண்டுக்கு ஒன்றாக ரெண்டு கோடு. மகள் சோயாவின் நெயில் பாலிஷ். எதைக் கழற்றினாலும் முதலில் அதில் கோடு போட்டுவைப்பது அயூபின் பழக்கம், குடும்பமே கேலி செய்கிற பழக்கம். நேராக நிற்க வேண்டிய கோடுகள் கட்டைவிரல் அகலம் விலகி நின்றன. கிளட்ச் மாற்றுவதற்காக ஷாஃப்டைக் கழற்றிய ரம்ஜான் சாயங்காலம், நோன்பு திறக்க நேரமாகிறதென்று கோட்டைப் பார்க்காமலேயே மாட்டிவிட்டு ஓடியது ஞாபகம் வந்தது.

துடைத்தது வாஜித். பார்த்திருக்கிறான், தெரிந்திருக்கிறது. ரெண்டு நாளாகச் சொல்லவில்லை.

கோட்டைச் சுரண்டிவிட ஒரு நிமிஷம் போதும். அயூபின் கை ஸ்க்ரூடிரைவர் வரைக்கும் போனது. பிறகு வெளியே நகர்ந்து வந்து எழுந்து நின்றான். "சார், அவன் மாட்டினது இல்ல. ரம்ஜானப்போ நான் மாட்டினது."

"தொழில் தெரியாதவன்னு சொன்னீங்க?"

"அதுவும் என்னைத்தான் சார்."

அயூபே கழற்றி, கோடு சேர்த்து மாட்டினான். ஓட்டிப் பார்த்தார்கள், முனகல் போயே போய்விட்டது. இறங்கிய சார் இருவருக்கும் நன்றி சொல்லிவிட்டு, அடுத்த சர்வீஸுக்கு வாஜித்திடமே தேதி கேட்டார்.

பஸ் ஸ்டாப் வரை வாஜித் கூடவே நடந்து வந்தான்.

"ஏன்டா சொல்லல?"

"நான் மாட்டினா, யார் பண்ண தப்புன்னு சார் கேப்பார். எப்படியும் உங்களைக் கூப்பிடுவார், நீங்களே பாத்து, நீங்களே சத்தமில்லாம மாட்டிடுவீங்க, சாருக்குத் தெரியவே வேணாம்னு நெனச்சேன் மச்சான். நீங்கதான் மைக்கு இல்லாமயே கத்திட்டீங்க."

பஸ்ஸில் உட்கார்ந்த அயூபுக்கு வயிறு எரிந்தது. டைல்ஸுக்கும் லிஃப்டுக்கும் எரிந்ததெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமேயில்லை. அந்தக் கோடு வாஜித் போட்டதாக இருந்திருந்தால், ரெண்டு நாள் என்ன, ரெண்டு நிமிஷம்கூடத் தான் வாயை மூடிக்கொண்டிருந்திருக்க மாட்டோம் என்று அவனுக்குத் தெரிந்துவிட்டது.