வீக்கக் குளிசை

“வீக்கம் முந்தியோ, அழுகை முந்தியோ?” என்று மரியரட்ணம் டொக்டர் என்னைக் கேட்டார்.

அதுவரை ஒருவரும் என் அழுகையைப் பற்றிக் கேட்டதில்லை. விரல் மூட்டுகளை அமத்திப் பார்ப்பார்கள், நான் கத்துவேன், எண்ணெய் தருவார்கள். பேனை பிடிக்க முடியாமல் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான்.

“அழுகை” என்றேன். அரியாலையில் அப்பா செல் குண்டு பட்டுச் செத்த பிறகுதான் விரல்கள் வீங்கத் தொடங்கின.

டொக்டர் அம்மாவைப் பார்த்துச் சொன்னார்: “பிள்ளையின்ரை உடம்பிலை காவலுக்கு நிக்கிறதுகள் கள்ளனை விட்டிட்டு வீட்டுக்காரரை அடிக்குதுகள். அதுதான் வீக்கம். துக்கம் கிடக்கக் கிடக்க அடி கூடும். இந்தக் குளிசை துக்கத்துக்கு. சிலருக்கு வீக்கமும் வத்தினதைக் கண்டிருக்கிறன். ஏனெண்டு எனக்கும் வடிவாத் தெரியாது.”

“விசருக்குக் குடுக்கிறதோ டொக்டர்?” அம்மாவின் குரல் இறங்கிவிட்டது.

“என்ன பேரெண்டாலும் வையுங்கோ. ஆனால் குடுங்கோ.”

வரும் வழியிலேயே அம்மா குளிசைப் போத்தலில் ஒட்டியிருந்த, மருந்தின் பேர் எழுதிய தாளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். நாங்கள் இடம்பெயர்ந்து, சாவகச்சேரியில் அப்பாவின் அக்கா இரத்தினம்மா மாமியின் வீட்டுப் பின்னறையில் இருந்தோம். என் அக்கா பாலேஸ்வரியை ஜேர்மனியிலிருந்த மாமியின் மகனுக்குக் கலியாணம் பேசியிருந்தார்கள். தங்கைக்குப் பைத்தியம் என்றால் கலியாணம் நின்றுவிடும்; விசர் என்ற சொல் அந்த வீட்டுக்குள் வரக்கூடாது.

“வீக்கத்துக்குத் தந்தவர், மச்சாள்” என்று அம்மா மாமியிடம் சொன்னாள்.

நாளாக ஆக எனக்குப் பசித்தது. காரணமில்லாமல் வந்த அழுகை நின்றது. பிறகு வீக்கமும் வற்றி, விரல்களின் மூட்டு தெரிந்தது. தேங்காய் துருவினேன். முழங்கால் நோவால் நொண்டி வந்த மாமி கண்டுவிட்டாள்.

“எடியே, வாழைக்காய் மாதிரிக் கிடந்த விரல் முருங்கைக்காய் ஆகிட்டுது! என்ரை முழங்காலுக்கும் ஒண்டு தாவன்.”

அம்மா கொடுத்தாள். மறுநாளும் கொடுத்தாள்.

“எடி குணம், நல்ல நித்திரை! நோவும் குறைவு. வாய்தான் காயுது. என்னைக் கதைக்க விடாமல் பண்ண ஆரோ செய்த சூழ்ச்சி” என்று மாமி அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள்.

வடக்குக்கு மருந்து வருவது அரிதாகிவிட்ட காலம். டொக்டர் கடைசியாக இருந்த போத்தலைத் தந்தார். “ஒரேயடியா நிப்பாட்டாதை பிள்ளை. குறைச்சுக் குறைச்சு விடு” என்றார். வீட்டுக்கு வந்ததும் மாமி அதை வாங்கித் தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினாள்.

“இளம் பெட்டை, தாங்குவாள்” என்றாள்.

அம்மா அடுப்பூதப் போனாள். “பொறுத்துக்கொள்ளடி. நான் ஜேர்மனி போனால் பெட்டி பெட்டியாய் அனுப்புவன்” என்றாள் அக்கா, தன் நகங்களைப் பார்த்தபடி.

எனக்கு நடுக்கம் வந்தது. குமட்டியது. பிறகு விரல்கள் சிவந்து கொதித்தன. சோறு குழைக்க முடியவில்லை. அம்மா ஊட்டிவிட்டாள். நான் அழுதபோது, “நடிக்காதை” என்று ஊட்டிய கையாலேயே அடித்தாள்.

ஒரு காலை மாமி போத்தலோடு பின்னறைக்கு வந்தாள்.

“முடியப் போகுது, குணம். இவளைக் கூட்டிக்கொண்டு போய் எங்கையாவது தேடித் தரச் சொல்லி டொக்டரிட்டைக் கேள். உந்தக் கையைக் கண்டால் மறுக்கமாட்டார்.” என் விரலைத் தூக்கிப் பார்த்தாள். “வீங்கினதும் நல்லதுக்குத்தான்.”

“மாமி, அது வீக்கக் குளிசை இல்லை” என்றேன். “விசருக்குக் குடுக்கிறது. எனக்குத் தந்தது. என்ரையைத் தாங்கோ.”

அம்மா பாய்ந்து என் வாயைப் பொத்தினாள். “காய்ச்சலிலை பிசத்துறாள், மச்சாள்!”

மாமி போத்தலைத் திருப்பிச் சுரண்டிய இடத்தைத் தடவினாள். பிறகு அக்காவைப் பார்த்தாள்.

“இவளுக்கு மட்டும்தான் மாமி” என்று அக்கா விக்கினாள். “எனக்கு ஒண்டுமில்லை. வேணுமெண்டால் இவளை எங்கையாவது கொண்டுபோய் விடுவம்.”

மாமி போத்தலைத் திறந்தாள். ஒரு குளிசையைத் தண்ணீர் இல்லாமல் விழுங்கினாள். மூடி இறுக்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். அக்காவுக்கென்று எங்கள் சுவரில் மாட்டியிருந்த தன் மகனின் படத்தைக் கழற்றிக் கக்கத்தில் வைத்தாள். காலை நொண்டாமல் வெளியே போனாள்.