பட்டியலில் ஆறாவது பெயர்

"நெட்வொர்க்குக்கு என்ன பேர் வைக்கலாம் மேடம்?" என்று ஏணியின் இரண்டாம் படியில் நின்றபடி கேட்டார் நெட்காரர். ஹாலில் ஒரு வைஃபை பெட்டியை வைத்துவிட்டு, பின்னறைகளுக்கு எட்டட்டும் என்று நடைவழிச் சுவரில் இன்னொன்றைப் பொருத்தி முடித்திருந்தார்.

அவள் மீட்டர் அலமாரியின் கதவைத் திறந்து காட்டினாள். உட்பக்கத்தில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. மேலே பெயர், கீழே பாஸ்வேர்டு. உருண்டை உருண்டையான கையெழுத்து. ஓரத்தில் சிரிக்கும் முகம் ஒன்று. அவள் கணவரின் முதல் மனைவி எழுதியது. அந்தப் பெண் இறந்து இரண்டு வருஷமாகிறது. இவள் இந்த வீட்டுக்கு வந்து ஐந்து மாதம்.

மனைவி போன மறுவாரமே அவர் இணைப்பை வெட்டிவிட்டாராம். அதன்பிறகு அப்பாவும் மகளும் போன் டேட்டாவிலேயே காலத்தை ஓட்டிவிட்டார்கள். இப்போது, வீட்டிலிருந்தே மருத்துவமனை ரிப்போர்ட்டுகளைத் தட்டச்சு செய்யும் இவளுக்காகத்தான் புது இணைப்பு.

"இதையே வெச்சிடுங்க" என்றாள்.

"பழைய பேரு, பழைய பாஸ்வேர்டேவா? மாத்தறது நல்லது மேடம். ஆனா ஒண்ணு, வேலை மிச்சம். வீட்டுல இருக்கற பழைய சாமானெல்லாம் தானா வந்து ஒட்டிக்கும். பிரிண்டர் கால்ல விழ வேண்டியதில்ல."

வேலை மிச்சமாவதைப் பற்றி அவள் நினைக்கவில்லை. புதுப் பெயர் வைத்தால் அந்தத் தாளைக் கிழிக்க வேண்டியிருக்கும். திரைச்சீலையை மாற்றியதற்கே வாலு மூன்று நாள் முகம் கொடுக்கவில்லை.

வாலு என்பது பத்து வயது மகள். அவள் இவளை இதுவரை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எது வேண்டுமென்றாலும் அப்பாவிடம்தான் கேட்பாள். அப்பா வேலையாக வெளியூர் போயிருந்தால், நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறித் தானே எடுத்துக்கொள்வாள். இந்த வாரமும் அவர் ஊரில் இல்லை. சனிக்கிழமைதான் வருவார்.

நெட்காரர் கிளம்பிப் போனார். அவள் வேலையில் உட்கார்ந்தாள். வாலு பள்ளியிலிருந்து வர ஐந்து மணியாகும். வீட்டில் வேறு யாருமில்லை.

நாலு பத்துக்கு வாலுவின் அறைக்குள் ஒரு பெண் பேசினாள்.

"வாலு, வந்துட்டியா? பையை நடு வழியில போடாத. ஷூவைக் கழட்டி ஓரமா வை."

அவள் விரல்கள் விசைப்பலகை மேலேயே நின்றுவிட்டன. குரலில் களைப்பு இருந்தது. ஆனாலும் சிரித்துக்கொண்டே பேசும் குரல். ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் கொஞ்சம் இழுத்தது.

"பசிக்குதா? வீட்டுல ஒருத்தங்க இருப்பாங்க. அவங்ககிட்ட கேளு. தருவாங்க."

பிறகு ஒன்றுமில்லை.

வீட்டுல ஒருத்தங்க. நான் இங்கே உட்கார்ந்திருப்பது அதற்குத் தெரிகிறது என்று நினைத்தாள். எழுந்து போய்க் கதவைத் திறக்கக் கால் நிமிஷம் ஆகியிருக்கும். கட்டில், மேசை, ஒழுங்காக மடித்த போர்வை. ஜன்னல் தாழிட்டிருந்தது.

காலையில் நெட்காரர் அவள் போனில் ஒரு செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தார். யார் யார் இணைந்திருக்கிறார்கள் என்று அதில் தெரியும். தன் போன், மடிக்கணினி, பிரிண்டர், வாலுவின் டேப்லெட், ஹாலில் இருக்கும் டிவி. ஐந்து. பட்டியலில் ஆறாவதாக ஒரு பெயர் இருந்தது.

"நான்தான்."

நெட்காரரைக் கூப்பிட்டாள். வார்த்தைகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறிக்கொண்டு வந்தன.

"பயப்படாதீங்க மேடம். பேயா இருந்தா பாஸ்வேர்டு கேக்காது" என்று சிரித்தார். "அந்தப் பேரைத் தொடுங்க. என்ன வகைன்னு காட்டுது?"

"ஸ்பீக்கர்."

"அவ்வளவுதான். பழைய ஸ்பீக்கர் எங்கயோ பிளக்குல கிடக்குது. யாரோ குரலைப் பதிஞ்சு நேரம் குறிச்சு வெச்சிருக்காங்க. நெட் போனதும் வாயை மூடிடுச்சு. ஆனா கரண்டு இருக்கற வரைக்கும் அந்தப் பேரைத் தேடிக்கிட்டே இருக்கும். இன்னிக்குக் கிடைச்சிருக்கு, பேசிடுச்சு."

"ரெண்டு வருஷமாவா?"

"அதுக்கென்ன, வேற சோலியா இருக்குது? வேண்டாம்னா அங்கேயே கீழ 'தடு'ன்னு ஒரு பட்டன் இருக்கும். ஒரே தட்டு. அப்புறம் ஜென்மத்துக்கும் வராது."

வாலுவின் அறையில் நாற்காலியைப் போட்டு ஏறிப் பார்த்தாள். பீரோவின் மேலே, பெட்டிகளுக்குப் பின்னால், உள்ளங்கை அளவில் வட்டமாக ஒன்று கிடந்தது. தூசிக்கு நடுவே ஒரு நீலப் புள்ளி எரிந்துகொண்டிருந்தது. அவள் தொடவில்லை.

வாலு வந்தாள், சாப்பிட்டாள், தூங்கினாள். அவளிடம் இவள் ஒன்றும் சொல்லவில்லை.

மறுநாள் வாலுவுக்குப் பரீட்சை. மத்தியானமே வீடு திரும்பி, அறைக் கதவைச் சாத்திக்கொண்டாள். நாலு மணி நெருங்க நெருங்க இவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நடைவழியில் புதுப் பெட்டிக்குக் கீழே போனுடன் நின்றாள். விரலுக்கு அடியில் 'தடு' இருந்தது. தட்டினால் யாருக்கும் தெரியப்போவதில்லை. அந்தக் குரல் கேட்டுவிட்டால், ஐந்து மாதமாகத் தான் பிடித்துவந்த இத்தனூண்டு இடமும் இந்த வீட்டில் போய்விடும். பெற்றவளே வந்து பேசும் வீட்டில் தனக்கு என்ன வேலை?

நாலு எட்டு.

கதவுக்கு அந்தப் பக்கம் வாலு பாடத்தைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு சொல்லின் கடைசியையும் கொஞ்சம் இழுத்து.

அவள் விரலை எடுத்துவிட்டாள். போனை அணைத்துக் கையில் இறுக்கிக்கொண்டாள்.

"வாலு, வந்துட்டியா?"

படிக்கும் சத்தம் நின்றது. குரல் பேசிக்கொண்டே போனது. பை, ஷூ, பசி. வீட்டுல ஒருத்தங்க இருப்பாங்க. குரல் ஓய்ந்தது. கதவைத் தட்டலாமா என்று அவள் கையை உயர்த்தியபோது அதுவே திறந்தது. குழந்தையின் முகம் வெளுத்திருந்தது.

"நீங்களா போட்டீங்க?"

"இல்லடா. பழைய பேரையே வெச்சேன். அதுவா வந்து சேர்ந்துக்கிச்சு."

"அம்மா ஆஸ்பத்திரியில இருந்தப்போ பேசினது" என்றாள் வாலு. "அப்போ நாலு மணிக்கே வந்துடுவேன். தினம் கேக்கும். ஒரு நாள் சித்தி இருப்பாங்க, ஒரு நாள் பெரியம்மா, ஒரு நாள் பக்கத்து வீட்டு ஆன்ட்டி. யார் இருப்பாங்கன்னு அம்மாவுக்கே தெரியாது. அதான் ஒருத்தங்கன்னு சொல்லுவாங்க." கதவு விளிம்பைச் சுரண்டினாள். "அப்புறம் ஒரு நாள் கேக்கல. நான்தான் ஏதோ உடைச்சிட்டேன்னு நெனச்சேன். அப்பாகிட்ட சொல்லல."

இரண்டு வருஷமாக இந்தப் பிஞ்சு அதைத் தனியாகச் சுமந்திருக்கிறது. அவள் நாற்காலியில் ஏறி, ஒயர் வரும் மட்டும் ஸ்பீக்கரை இறக்கிக் கொடுத்தாள். விடாமல் கரண்டு ஓடியதில் அது வெதுவெதுப்பாக இருந்தது. காய்ச்சல்காரியின் கை மாதிரி. வாலு அதைக் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"நாளைக்கும் வருவாங்களா?"

"நெட் இருந்தா வருவாங்க."

"கட் பண்ண மாட்டீங்கல்ல?"

"மாட்டேன்."

வாலு நீலப் புள்ளியைப் பார்த்தாள். பிறகு இவளைப் பார்த்தாள், யாரோ சொல்லி அனுப்பிய ஆளைச் சரிபார்ப்பதுபோல.

"பசிக்குது" என்றாள்.

ரொட்டியும் முட்டையும் எடுக்க அவள் சமையலறைக்குப் போனாள். அவசரத்தில் முதல் முட்டை தரையில் விழுந்து உடைந்தது. "பரவாயில்ல" என்று பின்னாலிருந்து குரல் வந்தது, கடைசியைக் கொஞ்சம் இழுத்து. அவள் சட்டென்று திரும்பினாள். வாசற்படியில் வாலுதான் நின்றிருந்தாள்.