எழுபத்தொரு டிகிரி

எங்கள் கட்டடத்தில் பகலில் வீட்டில் இருப்பவள் நான் ஒருத்திதான். வீட்டுச் சூட்டை அளக்க நகர இன்ஸ்பெக்டர் வந்தால் என் கதவைத் தட்டட்டும் என்று குடித்தனக்காரர் சங்கத்தில் முடிவானதற்கு அது மட்டுமே காரணம். இந்த ஒசெல்லா பிங்க்னி நம்பகமானவள் என்று யாரும் ஓட்டுப் போடவில்லை.

பிராங்ஸில் ஐந்து மாடி, இருபது குடித்தனம். டிசம்பர் பிறந்ததிலிருந்து, வீட்டைச் சூடாக்க வேண்டிய ரேடியேட்டர்கள் பேருக்குத்தான் சுவரில் இருந்தன. வீட்டுக்காரருக்குப் போன் செய்தால், ஆள் வருகிறான் என்பார்கள். ஆள் வந்ததே இல்லை. பகலில் வீட்டுக்குள் ஃபாரன்ஹீட் கணக்கில் அறுபத்தெட்டு டிகிரியாவது இருக்க வேண்டும் என்பது சட்டம். என் வீட்டில் ஐம்பத்தைந்தைத் தாண்டினால் அது நல்ல நாள்.

சங்கத்தை ஆரம்பித்தவள் ஐந்தாம் மாடி யஹைரா. என் தலைக்கு நேர் மேலே குடியிருக்கிறாள். லாண்டரியில் துணி மடிக்கிற வேலை. ஒன்பது மாதக் குழந்தை மிலாக்ரோஸுக்கு நெஞ்சுச் சளி. அவள் காலையில் குழந்தையைத் தங்கை வீட்டில் விட்டுவிட்டு, மாலையில் தூக்கி வருவாள். வந்த அரை மணியில் மேலே இருமல் ஆரம்பிக்கும். ஒவ்வொரு இருமலையும் நான் கேட்பேன்.

அவள்தான் வீடு வீடாக ஏறி ஒரு நோட்டும் ஒரு மலிவுத் தெர்மாமீட்டரும் கொடுத்தாள். தினம் மூன்று வேளை பார்த்து எழுத வேண்டும். "குளிருதுன்னு வாயால சொன்னா எவனும் கேக்க மாட்டான், மிஸ் ஒசெல்லா. நம்பரைக் காட்டினாதான் கேப்பான்" என்றாள்.

முப்பது வருடம் பள்ளிக்கூடச் சமையலறையில் குளிர்பெட்டியின் டிகிரியை எழுதிய கை இது. நாற்பத்தோரு நாள், ஒரு வேளை விடாமல் எழுதினேன். யஹைரா என் நோட்டைக் கூட்டத்தில் தூக்கிக் காட்டி, எல்லாரும் இப்படி எழுதுங்கள் என்றாள். நானும் கழுத்தை நிமிர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நோட்டில் எழுதாத விஷயம் ஒன்று உண்டு. ராத்திரி மடக்குக் கட்டிலைச் சமையலறைக்கு இழுத்து, கேஸ் ஓவனைப் பற்றவைத்து, அதன் கதவைத் திறந்து போட்டுக்கொண்டுதான் படுப்பேன். உயிருக்கு ஆபத்தான காரியம். ஆபத்தைவிட, ஒசெல்லா இப்படித் தூங்குகிறாள் என்று யாருக்காவது தெரிந்துவிடுமோ என்பதே எனக்குப் பெரிய பயம்.

ஜனவரியில் ஒரு புதன்கிழமை நகர அலுவலகத்திலிருந்து போன் வந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்டர் வருகிறாராம். யஹைரா படியில் நிறுத்தி, எதையும் மாற்ற வேண்டாம், எப்போதும்போல இருந்தால் போதும் என்றாள். சரி கண்ணு என்றேன்.

மறுநாள் விடியும் முன்னே எழுந்து எல்லாவற்றையும் மாற்றினேன். கட்டிலை அலமாரிக்குள் தள்ளினேன். தரையைத் துடைத்தேன். ஸ்வெட்டர்களைக் கழற்றிவிட்டு, சர்ச்சுக்குப் போடும் நீலக் கவுனைப் போட்டுக்கொண்டேன். வீடு தேடி வருகிறவருக்கு ஒன்றும் கொடுக்காமல் அனுப்புவதா என்று சர்க்கரைவள்ளிக்கிழங்கு வைத்த பை என்கிற இனிப்புப் பண்டம் இரண்டு சுட்டேன். அதுவரைக்கும் மன்னிக்கலாம். பை வெந்த பிறகும் நான் ஓவனை அணைக்கவில்லை. அதன் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒரு மனிதர் என் வீட்டில் கோட்டோடு உட்காரும்படி ஆகிவிடக் கூடாது என்று நினைத்தேன். ஒன்பதே முக்காலுக்கு அணைத்து மூடினேன்.

இன்ஸ்பெக்டர் ஓர்லோவ்ஸ்கி நல்ல உயரம். மிதியடியில் காலை இரண்டு தரம் துடைத்துவிட்டு உள்ளே வந்தார். வாசனை பிரமாதம் என்றார். நடு அறையில் கருவியை வைத்துக் காத்திருந்தார். ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, எல்லார்கிட்டயும் கேக்குறதுதான். சூட்டுக்காக ஓவனை எரிய விடுறீங்களா?"

நோட்டு மேஜைமேல் இருந்தது. கட்டில் நாலடி தூரத்தில் இருந்தது.

"நாங்க அந்த மாதிரி ஆளுங்க இல்ல சார். பை சுட்டேன், அவ்வளவுதான்" என்றேன்.

அவர் பேனாவை எடுத்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தபடி நின்றார். பிறகு எழுதினார், எழுபத்தொன்று என்று. பை சாப்பிட விதி இடம் தராது என்று சொல்லிவிட்டுப் போனார். கதவைச் சாத்தியபோது எனக்கு என்ன தோன்றியது தெரியுமா? ஒரு கௌரவமான வீட்டைப் பார்த்துவிட்டுப் போகிறார் என்று தோன்றியது. சாயங்காலம் மேலே இருமல் கேட்கும் வரைக்கும் அந்தப் பெருமை இருந்தது.

யஹைரா கேட்டபோது, வந்தார், அளந்தார், போனார் என்றேன். எவ்வளவு என்று கேட்டாள். அவர் சொல்லவில்லை என்றேன். அது இரண்டாவது பொய்.

இரண்டு வாரத்தில் கடிதம் வந்தது. வீட்டில் எழுபத்தொரு டிகிரி, போதுமான வெப்பம் உள்ளது, புகார் முடிக்கப்பட்டது. கீழே தபால்பெட்டிகளுக்குப் பக்கத்தில் எல்லாரும் கோட்டோடு கூடினோம். யஹைரா படித்தாள். இரண்டாம் மாடி கஃபி, பஸ் ஓட்டுகிறவர், வாயை அடக்கத் தெரியாதவர்.

"எழுபத்தொண்ணா? ஒசெல்லா வீட்லயா? அந்த ஆளு வெயில் கொளுத்துற ஃப்ளோரிடால நின்னுக்கிட்டு அளந்திருப்பான்."

சிரித்தார்கள். சிரிப்பு அடங்கியதும் கோபம் வந்தது. அவன் வீட்டுக்காரரிடம் கைநீட்டிக் காசு வாங்கியவன்தான் என்று ஒருவர் சொல்ல, அதுவே எல்லார் பேச்சாகவும் ஆனது. இன்ஸ்பெக்டர்மேல் புகார் எழுதத் தீர்மானித்து, அங்கேயே எழுதியும் விட்டார்கள். யஹைரா என்னிடம் பேனாவை நீட்டினாள்.

"நீங்கதான் கூட இருந்தீங்க. முதல் கையெழுத்து உங்களுது."

அவர் மிதியடியில் காலைத் துடைத்தது ஞாபகம் வந்தது. பேனாவைப் பிடித்தபடி நின்றேன்.

"அவரு சரியாத்தான் அளந்தாரு" என்றேன். "ஓவனை எரிய விட்டிருந்தேன். கேட்டாரு. இல்லேன்னுட்டேன்."

யஹைரா கத்தியிருந்தால் தேவலை. மெல்லிய குரலில்தான் சொன்னாள்.

"ரெண்டு தடவை குழந்தையை எமர்ஜென்சிக்குத் தூக்கிட்டு ஓடியிருக்கேன். நீங்க கௌரவம் பாத்தீங்க."

"வெக்கமா இருந்துச்சு கண்ணு."

"எனக்கு வெக்கமா இல்லையா? நானும் ஓவனுக்குப் பக்கத்துலதான் அவளைப் போட்டுத் தூங்க வைக்கிறேன். இங்க வேற யாரு அப்படி?"

முதலில் கஃபி, தரையைப் பார்த்துக்கொண்டே கையைத் தூக்கினார். பிறகு ஒவ்வொன்றாக, எல்லாக் கைகளும். ஒருவர் நோட்டிலும் இது எழுதப்படவில்லை.

அதைப் பார்த்து என் மனம் லேசானது என்று நினைக்க வேண்டாம். அவர்களை யாரும் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்கள்.

யஹைரா அந்தப் புகாரைக் கிழித்துவிட்டுப் புதிதாக ஒன்று எழுதினாள். மறுபடியும் என் வீடுதான். பகலில் வேறு யார் இருக்கிறார்கள்? அதைச் சொல்லும்போது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை. வரும் தேதி தெரிந்த அன்று கஃபி என் வீட்டுக்கு வந்து, பை சுடும் தட்டுகள் இரண்டையும் எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் இது என்கிட்ட பத்திரமா இருக்கட்டும், ஒசெல்லா."

பிப்ரவரி நடுவில் அந்த வெள்ளிக்கிழமை வந்தது. அதே ஓர்லோவ்ஸ்கி. கோட்டு, கம்பளித் தொப்பி, இரண்டு ஜோடி காலுறையோடு கதவைத் திறந்தேன். சமையலறையில் கட்டில் கிடந்தது, போர்வை கலைந்தபடி.

"பதினோரு வாரமா ஓவன்தான் சார். நேத்து ராத்திரியிலேர்ந்து அணைச்சு வச்சிருக்கேன். போன தடவை உங்ககிட்ட பொய் சொன்னேன்."

"தெரியும்மா" என்றார். "ரேடியேட்டர் ஐஸா இருந்துச்சே. நீங்க சொல்லுவீங்கன்னுதான் நின்னேன். நீங்க சொல்லாம, ஓவன் சூடுன்னு நான் எழுத முடியாது."

கருவி ஐம்பத்துமூன்று காட்டியது. நோட்டைக் கொடுத்தேன். பக்கம் பக்கமாகப் பார்த்தார். அந்தப் போர்வையை மடித்துவிடலாமா என்று என் கை பரபரத்தது. கோட்டுப் பைக்குள் கையைத் திணித்துக்கொண்டேன்.

"எங்க தூங்குறீங்க? அதையும் எழுதணும்."

"இங்கதான் சார்" என்று கட்டிலைக் காட்டினேன்.

எழுதினார். எழுதி முடிக்கிறவரைக்கும் நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.