ஒரு அடியேனுக்கு ஒரு குடம் வெள்ளம்

என்ன மக்கா, எல்லாரும் சொகமா இருக்கியளா? இந்த மழையில ஆருக்கும் காய்ச்சல் ஒண்ணும் இல்லியே? எனக்கு முட்டுவலிதான், விரலுக்கு ஒரு கொறையும் இல்ல, அதான் தட்டிட்டு இருக்கேன். இண்ணைக்கி எக்க அம்மை பூங்கனி சத்தியாக்கிரகத்துக்குப் போன கத. அம்மை சொல்லிச் சொல்லி, நானே பக்கத்துல நின்னு பாத்த மாதிரி இருக்கு எனக்கு.

அது ஆயிரத்தித் தொள்ளாயிரத்தி முப்பது. திருவிதாங்கூர் ராஜா காலம். எங்க ஊருக்கும் சந்தைக்கும் எடையில கோயில் தெரு ஒண்ணு. எங்க ஆளுவ அதுல நடக்கப்பிடாது. கயிறு விக்கப் போவணும்னா வயலச் சுத்தி ரெண்டு மைல் போவணும். நடை மட்டும் இல்ல பாத்துக்கிடுங்க, பேச்சும் அப்படித்தான். பெரிய ஆளுவ "ஆரது?"ன்னு கேட்டா "நான்"னு சொல்லப்பிடாது. "அடியேன்"னுதான் சொல்லணும். பேரும் கெடையாது, ஒண்ணும் கெடையாது, அடியேன்!

அந்த வருஷம் தென்னந்தோப்புல பந்தல் போட்டு சத்தியாக்கிரக முகாம் தொடங்கிட்டாவ. தெனம் மூணுபேரு போயி தெருமொகப்புல மூங்கில் தடுப்புக்கு முன்னால நிக்கணும். போலீசு கேட்டா "நான் இன்னாரு"ன்னு பேரச் சொல்லணும். அடிச்சா திருப்பி அடிக்கப்பிடாது. அம்மைக்கி அப்போ பத்தொம்பது வயசு. கூட நேசபாய். அவ வேதக்காரி, ஏசுவக் கும்பிடுத குடும்பம், மிஷன் பள்ளிக்கூடத்துல படிச்சவ. அவ அந்தத் தெருவுல நடந்தா ஒருத்தரும் தடுக்கமாட்டாவ, அதாக்கும் கூத்து! ஆனாலும் கூட்டுக்காரிக்காக வந்து நின்னா.

போறதுக்கு முன்ன பழக்கணும்லா? ரெண்டு தென்னைக்கு எடையில கயிறு கட்டி அதுதான் தடுப்பு. பகவதியப்பன்னு ஒரு பனையேறி, ஆளு கதவு மாதிரி இருப்பாரு, அவருதான் போலீசு. தலையில செவப்புத் துண்டு, கையில ஓலமட்டை. "ஆருடி அது?"ன்னு ஒரு சத்தம் போடுவாரு பாருங்க. காலையில நம்ம வீட்டுல கஞ்சி குடிச்ச ஆளுதான்னு தெரியும், இருந்தும் வாயிலேருந்து "அடியேன்" சாடிரும்.

"போச்சி! எடுட்டி கொடத்த!"

அதான் அங்க சட்டம். ஒரு அடியேனுக்கு ஒரு கொடம் வெள்ளம். கெணத்துலேருந்து கோரிக் கொண்டுவந்து சமையல்பொரப் பானையில ஊத்தணும். மொத நாளு பானை நெறஞ்சி வழிஞ்சி அடுப்பே அணைஞ்சி போச்சி. அம்மை மட்டும் பதினோரு கொடம்.

"ஏட்டி பூங்கனி, ஒனக்க புண்ணியத்துல இங்க வாழை வைக்கலாம் போல"ன்னு நேசபாய் சிரிச்சா.

"ஒனக்கென்ன, நீ பள்ளிக்கூடத்துல பேசிப் பழகினவ. எக்க நாக்கு எனக்கே அடங்க மாட்டேங்கு."

அம்மைக்கி வேலை தொண்டு தல்லுதது. ஊறுன தேங்காத் தொண்டக் கல்லுல வச்சி கட்டையால அடிச்சி நாரு எடுக்கணும். அம்மை என்ன செஞ்சா தெரியுமா, ஒரு அடிக்கு ஒருதரம் "நான்!" டம்மு, "நான்!" டம்மு. பக்கத்துல இருந்தவளுவளும் சேந்துட்டாளுவ. குளத்தங்கரை முழுக்க நான், நான், நான்னு ஒரே சத்தம்! மொதலாளி எட்டிப் பாத்து "என்னட்டி இது?"ன்னாராம். "கை வலிக்காம இருக்க பாட்டு"ன்னு சொல்லிட்டாளுவ.

எட்டாம் நாளு பகவதியப்பனுக்க முறை. நெஞ்ச நிமித்திட்டுப் போனாரு. தடுப்புல நின்ன ஏட்டு மீசைய முறுக்கிட்டு "ஆரடா?"ன்னு ஒரு அதட்டு. நம்ம கதவு என்ன சொல்லிச்சி? "அடியேன்!"

தெருவே கைகொட்டி சிரிச்சிச்சி மக்கா. அவரு திரும்பி வந்தாரு, கொடத்த எடுத்துட்டு நேரா கெணத்துக்குப் போனாரு.

முகாமுல பாதிப்பேரு மூட்டை கட்டத் தொடங்கிட்டாவ. மறுநாளு அம்மைக்க முறை.

"வேண்டாம் பூங்கனி, நாளைக்கும் அவனுவ சிரிச்சா பொறவு ஒருத்தரும் இங்க வரமாட்டாவ"ன்னாரு பகவதியப்பன்.

"அப்போ நீங்களும் கூட வாங்கண்ணே. சிரிச்சா மூணுபேரும் சேந்து வெள்ளம் கோருவோம்."

மறுநாளு காலையில அம்மை, நேசபாய், பகவதியப்பன். தெரு ரெண்டு பக்கமும் ஆளு. ஏட்டு மொதல்ல நேசபாயப் பாத்து "நீ வேதக்காரியில்லா, நீ போ"ன்னு தடுப்பத் தூக்குனாரு. "இவ போவாம நான் போவமாட்டேன்"னு அவ நின்னுட்டா. ஒடனே ஏட்டு அம்மைக்கி நேரா திரும்பி, கம்ப ஓங்கிட்டு, "நீ ஆருடி?"

அம்மை வாயத் தெறந்தா. "அடி..."

வந்துட்டு! பாதி வந்துட்டு! அங்க ஒருத்தன் சிரிக்க ஆரம்பிச்சிட்டான். அப்போ பின்னால நேசபாய் காலால தரையில ஓங்கி ஒரு மிதி. டம்மு! தொண்டு தல்லுத சத்தம்!

"அடி... ச்சாலும் நான் பூங்கனி! போவமாட்டேன்!"

சிரிச்சவன் வாயி தெறந்தபடியே நிக்கான். "அடிச்சாலும் நான் நேசபாய்!" அது அடங்குததுக்கு முன்ன, தோப்பு வரைக்கும் கேக்க ஒரு கத்து, "அடிச்சாலும் நான் பகவதியப்பன்!" எனக்கு இத எழுதும்போதே மயிரு கூச்செறியுது பாருங்க!

ஏட்டு கம்பத் தாழ்த்திட்டு புஸ்தகத்த எடுத்து, "ரெண்டு பொம்பள, ஒரு ஆம்பள"ன்னு முணங்கிட்டே எழுதுனாராம். அம்மை விடல்ல. "பேரு சொன்னேம்லா. பேர எழுதும்." எழுதுனாரு!

மூணுபேரையும் பிடிச்சி பத்துநாளு செயிலுல வச்சிருந்தாவ. அங்க நேசபாய் கரிக்கட்டையால தரையில எழுதிக் காட்டி, அம்மை தனக்க பேர எழுதப் படிச்சிட்டா.

வெளிய வந்ததும் வெயிலுல நடந்து நேரா முகாமுக்கு. மூட்டை கட்டுன ஆளுவ எல்லாம் அங்கதான் இருக்காவ, புதுசாவும் கொறே ஆளு. அம்மைக்கி தொண்ட வறண்டு போச்சி. பானையத் தெறந்தா துளி வெள்ளம் இல்ல.

"என்னண்ணே, குடிக்கக்கூட வெள்ளம் இல்லியா?"ன்னு சமையல்காரர்ட்ட கேட்டா.

"எல்லாம் ஒன்னாலதான்! நீ போனதுலேருந்து ஒருத்தனும் அடியேன் சொல்லமாட்டேங்கான். பொறவு ஆரு கோருவா?"

அம்மை சிரிச்சிட்டே கொடத்த எடுத்தா. பகவதியப்பன் இன்னொரு கொடத்த எடுத்துட்டு பின்னால போனாரு.

தெரு தெறக்க பொறவும் ஆறு வருஷம் ஆச்சி. சந்தைக்கி அந்த வழியா அம்மை கயிறு கொண்டு போனது வேற கத.

ஒங்க வீட்டுலயும் இப்படி கூட்டத்தோட நின்னு எதாவது புதுசாப் பழகின ஆளு இருப்பாவல்லா? அம்மையோ, மாமனோ, நீங்களேவோ? என்ன பழகினாவ, எங்க நாக்கு கொழறிச்சின்னு கீழ எழுதுங்க மக்கா. கண்ணாடி போட்டுட்டு ஒண்ணுவிடாம வாசிப்பேன்.